'டீக்கு வாங்க' என்றால் பசியோடு போவதா, சாப்பிட்டுவிட்டுப் போவதா?

காவிரிக்கரை:
வீட்டுக்காரருக்கு வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டில் வேலை. யார்க்‌ஷருக்கு வந்து இன்னும் பெட்டி எல்லாம் பிரித்தபாடில்லை. இரண்டு விஷயத்தில் குழப்பம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெண்ணின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் 'ஸ்கூல் டின்னர்' வேண்டுமா, 'பேக்டு லஞ்ச்' கொடுத்து அனுப்புவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளியே மூன்றே காலுக்கு விட்டுவிடுகிறது, அங்கே எங்கிருந்து டின்னர் வந்தது? அப்புறம், பக்கத்து வீட்டுப் பாட்டி, தங்கமான மனுஷி, வியாழக்கிழமை அஞ்சரைக்கு எல்லோரும் 'டீக்கு' வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார். ஊரில் டீக்குக் கூப்பிட்டால் ஒரு தட்டில் பிஸ்கட், கொஞ்சம் மிக்சர், அரை மணியில் கிளம்பிவிடலாம். குழந்தைகளுக்கு முன்னாடியே சாதம் ஊட்டிக் கூட்டிப் போகவா, திரும்பி வந்து சமைக்கட்டுமா?

நைட்_டூட்டி:
ஒன்றும் ஊட்ட வேண்டாம், பசியோடு கூட்டிப் போங்கள். யார்க்‌ஷரில் அஞ்சரை மணி டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு, முழுச் சாப்பாடு. சாதம் போட்டுக் கூட்டிப்போய், பாட்டி செய்து வைத்ததைப் பிள்ளைகள் தொடாமல் உட்கார்ந்திருந்தால் அவர் மனசு கஷ்டப்படும்.

பள்ளி விஷயம் இன்னும் வேடிக்கை. இரண்டும் மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான், ஒரே ஹாலில்தான். பள்ளிச் சமையலறையில் சுடச்சுடப் போட்டால் அது ஸ்கூல் டின்னர், நீங்கள் டப்பாவில் கட்டிக் கொடுத்தால் அது பேக்டு லஞ்ச். மேற்பார்வை பார்க்கும் பெண்களுக்கு 'டின்னர் லேடி' என்றே பேர். பெண் ரிசப்ஷன் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தையது), ஒன்று, இரண்டாம் வகுப்பில் இருந்தால் காசு கிடையாது, இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து அந்த வகுப்புகளுக்கு எல்லோருக்கும் இலவசம்.

நான் லீட்ஸ் பக்கம் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டரைக்கு டின்னர்: இறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி, கடைசியில் கஸ்டர்ட் ஊற்றிய ஏதோ ஒன்று. அஞ்சு மணிக்கு டீ: சூப், சாண்ட்விச், இல்லாவிட்டால் டோஸ்டின் மேல் பீன்ஸ். எட்டரைக்கு சப்பர்: ஹார்லிக்ஸும் ஒரு துண்டு டோஸ்டும். ஊரிலிருந்து புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதை எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். டியூட்டி மாறும்போது 'பில் தாத்தா இன்னிக்கு டீயைத் தொடவே இல்லை' என்று சொல்வார்கள். அதைக் கேட்டு மேசையில் கோப்பையைத் தேடக் கூடாது, அந்த மனிதர் மத்தியானத்திலிருந்து வெறும் வயிற்றோடு இருக்கிறார் என்று அர்த்தம். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் சும்மா விட முடியுமா?

தேம்ஸ்_தென்கரை:
இதெல்லாம் வடக்கே நடக்கிற கதை. நாங்கள் தெற்கே சர்ரேயில் இருக்கிறோம், இங்கே மதியம் லஞ்ச், இரவு டின்னர், அவ்வளவுதான், எந்தக் குழப்பமும் இல்லை. இங்கிலாந்து முழுக்க அப்படித்தான் என்று அந்தத் தங்கச்சி நினைத்துக்கொள்ளப் போகிறார்.

நைட்_டூட்டி:
குழப்பம் இல்லையா? உங்கள் சர்ரேயில் குழந்தைகளுக்கு அஞ்சு மணிக்குக் கொடுப்பதை என்னவென்று சொல்கிறார்கள்? 'கிட்ஸ் டீ' தானே? டிசம்பர் 25 மதியம் இரண்டு மணிக்கு வான்கோழி வெட்டுகிறார்களே, அது கிறிஸ்மஸ் லஞ்சா, கிறிஸ்மஸ் டின்னரா?

தேம்ஸ்_தென்கரை:
சரி, கிறிஸ்மஸ் டின்னர்தான். லஞ்ச் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் மட்டும் எங்களுக்கு 'சண்டே லஞ்ச்'தான், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், இங்கே வேறு ஒரு தினுசு இருக்கிறது. ஆபீஸில் கொஞ்சம் பெரிய இடத்து ஆட்கள் 'சும்மா சப்பருக்கு வந்துட்டுப் போங்க' என்பார்கள். அதாவது சமையலறை மேசையிலேயே பாஸ்தாவோ எதுவோ, கோட் சூட் வேண்டாம், உங்களை வீட்டு மனுஷராக நினைக்கிறேன் என்று அர்த்தம். அவர்களே 'டின்னர்' என்றால் நல்ல தட்டு வெளியே வரும், வைன் பாட்டில் கொண்டு போக வேண்டும், ஏழரை என்றால் ஏழே முக்காலுக்குப் போனால்தான் மரியாதை, சீக்கிரம் போனால் வீட்டுக்காரர் இன்னும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். வடக்கே ஹார்லிக்ஸ் குடிக்கிறவரும் சப்பர் என்கிறார், இங்கே வீட்டை விற்றால் கிராமத்தையே வாங்கக்கூடியவரும் சப்பர் என்கிறார். நடுவில் இருக்கிறவர்கள்தான் அந்த வார்த்தையைத் தொடுவதில்லை.

பழைய_பேப்பர்:
இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டின்னர் என்பது அந்தக் காலத்தில் எந்த நேரத்துக்கும் ஒட்டிய பெயர் இல்லை, அன்றைக்குச் சமைத்ததில் பெரிய சாப்பாடு எதுவோ அதுதான் டின்னர். 1660களில் லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் உச்சிவேளையில்தான் டின்னர் சாப்பிட்டார். அவருக்குப் பிறகு நூறு, நூற்றைம்பது வருஷத்தில் பணக்கார வீடுகளில் டின்னர் இரண்டு மணி, நாலு மணி, ஆறு மணி, ஏழு மணி என்று தள்ளிக்கொண்டே போனது. தாமதமாகச் சாப்பிடுகிறவன் பெரிய மனிதன், மெழுகுவர்த்திக்கும் விளக்குக்கும் செலவு செய்ய வசதி உள்ளவன். டின்னர் சாயந்திரத்துக்குப் போய்விட்டால் மதியம் வயிறு கேட்குமா, அந்த ஓட்டையை அடைக்க வந்தது லஞ்ச். அப்படியும் நாலு மணிக்கு ஒரு சோர்வு வரும் இல்லையா, அதற்கு 1840 வாக்கில் பெட்ஃபர்ட் கோமகள் அன்னா தேநீரோடு ரொட்டியும் வெண்ணெயும் கேட்க ஆரம்பித்தார், ஆஃப்டர்நூன் டீயைத் தொடங்கியவர் அவர்தான் என்று சொல்வது வழக்கம்.

ஆலைத் தொழிலாளி வீட்டில் இது எதுவும் நடக்கவில்லை. அங்கே மதியம் டின்னர், மதியம் டின்னராகவே இருந்தது. சாயந்திரம் மில் விட்டு வந்ததும் பசிக்குச் சூடாக ஒரு கறி, ரொட்டி, கூடவே ஒரு பானை டீ. அந்தச் சாப்பாட்டுக்கே டீ என்று பேர் நின்றுவிட்டது, அதற்கு இன்னொரு பேர் ஹை டீ. காவிரிக்கரை அம்மா பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை, லண்டன்காரர்கள் நகர்ந்து போனார்கள், அவர்கள் வீட்டில் நகரவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல். 'ஹை' என்று இருப்பதால் அது ஏதோ உயர்ந்த ரகம் என்று நினைத்து உலகம் பூராவும் நட்சத்திர ஹோட்டல்காரர்கள் மூன்றடுக்குத் தட்டில் கேக்கும் சாண்ட்விச்சும் வைத்து ஹை டீ என்று விற்கிறார்கள். அது ஆஃப்டர்நூன் டீ. நம் ஊர்க் கருத்தரங்கு அழைப்பிதழில் 'நிகழ்ச்சிக்குப் பின் ஹை டீ' என்று அச்சடித்திருப்பார்கள், போனால் ஒரு சமோசா, ஒரு பைனாப்பிள் கேக், காகிதக் கப்பில் காபி. இது இரண்டு தரப்புக்கும் துரோகம்.

சும்மா_சுற்றுபவன்:
பேப்பர் சார், சமோசா போடுகிறவர்களை ஒன்றும் சொல்லாதீர்கள், அதுக்காகத்தான் நான் கருத்தரங்குக்கே போகிறேன்.

பழைய_பேப்பர்:
கேக்குக்கு ஒரு குறையும் சொல்லவில்லை தம்பி, பேருக்குத்தான்.

லீத்_துறைமுகம்:
எடின்பரோவிலிருந்து எழுதுகிறேன். இந்த ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்று கிளாஸ்கோக்காரர்கள் ஒரு நக்கல் அடிப்பார்கள். சாயந்திரம் யாராவது வீட்டுக்கு வந்தால், எடின்பரோக்காரர் கதவைத் திறக்கும்போதே 'டீ சாப்பிட்டுட்டுத்தான் வந்திருப்பீங்க' என்று சொல்லிவிடுவாராம். நம்ம ஊரிலும் அத்தைமார் சிலர் இதே வசனம் பேசுவார்கள். என் அனுபவத்தில் எடின்பரோக்காரர்கள் அப்படி இல்லை, நன்றாகவே போடுகிறார்கள்.

ஸ்காட்லாந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. சிப்ஸ் கடைப் பலகையில் 'ஃபிஷ் சப்பர்' என்று இருக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கேட்டாலும் அது சப்பர்தான். சப்பர் என்றால் கூட சிப்ஸ் உண்டு, அவ்வளவே. ஹேகிஸ் சப்பர், பிட்ஸா சப்பர் வரைக்கும் இருக்கிறது. மீன் மட்டும் போதும் என்றால் 'சிங்கிள் ஃபிஷ்' கேட்க வேண்டும். எடின்பரோவில் 'சால்ட் அண்ட் சாஸ்?' என்பார்கள், ஒரு பழுப்பு நிறப் புளிப்புச் சாஸ், தண்ணீராக இருக்கும், பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி ஊற்றுவார்கள், காகிதம் நனைந்து சிப்ஸ் துவண்டுவிடும், ஆனால் அந்தத் துவண்ட சிப்ஸுக்குத்தான் ருசி. கிளாஸ்கோவில் போய் அந்தச் சாஸைக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அங்கே உப்பும் வினிகரும்.

சோளக்காட்டு_சித்தப்பா:
அயோவாவிலிருந்து ஒரு கை. அமெரிக்காவில் எல்லோரும் லஞ்ச், டின்னர் என்றுதான் சொல்வார்கள் என்று டெக்சாஸ் நகரங்களிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இங்கே வயசான விவசாயிகளிடம் பேசிப் பாருங்கள்: காலை பிரேக்ஃபாஸ்ட், மதியம் டின்னர், இரவு சப்பர். தெற்கு மாநிலங்களிலும் பழைய தலைமுறைக்கு இதேதான். அப்போ லஞ்ச்? அது பத்து மணிக்கும் மூன்று மூன்றரைக்கும் வயலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற சாண்ட்விச், குக்கி, காபி. என் வீட்டு ஓனர் சர்ச்சில் ஒரு இறுதிச் சடங்கு முடிந்து 'லிட்டில் லஞ்ச் இருக்கு, இருந்துட்டுப் போ' என்றார், மணி சாயந்திரம் நாலு. ஹாம் வைத்த பன்னும், ஊறுகாயும், தட்டுத் தட்டாக 'பார்ஸ்' என்று சொல்லும் இனிப்பு வில்லைகளும். பக்கத்து மின்னசோட்டாவில் ஓவனில் வைத்து எடுக்கும் ஒரு சட்டிச் சாப்பாட்டுக்கு 'ஹாட்டிஷ்' என்று பேர், மேலே வரிசையாக உருளைக்கிழங்கு டாட்ஸ் அடுக்கியிருப்பார்கள். கேசரோல் என்று சொல்லிவிட்டால் நீங்கள் வெளியூர் என்று தெரிந்துபோகும்.

தேங்க்ஸ்கிவிங் டின்னர் நவம்பர் நாலாம் வியாழக்கிழமை. அதுவும் பல வீடுகளில் மதியம் இரண்டு மூன்றுக்கே ஆரம்பித்துவிடும். பெரிய சாப்பாடுதான் டின்னர் என்று பேப்பர் சார் சொன்னது இங்கேயும் சரியாக இருக்கிறது. வேலை நாளில் லஞ்ச் என்கிறவர்கள்கூடப் பண்டிகை நாளில் டின்னர் என்பார்கள்.

இந்த ஊரில் டீக்குக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டதே இல்லை. இன்னும் தெற்கே ஜார்ஜியா பக்கம் ஹோட்டலில் டீ கேட்டால் ஐஸ் போட்ட சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஒரு பெரிய தம்ளர் வரும். சூடாக வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். 'பிஸ்கட்' என்றால் வெண்ணெய் போட்ட உப்பு பன், மேலே வெள்ளைக் கிரேவி, காலையிலேயே.

மெல்பன்_மழை:
சித்தப்பா, ஆன்ட்ரேவைச் சொல்ல மறந்துவிட்டீர்களே. அமெரிக்க மெனுவில் ஆன்ட்ரே என்றால் பிரதான சாப்பாடு. இங்கே ஆஸ்திரேலியாவில் அது முதலில் வரும் சின்னத் தட்டு. அமெரிக்காவிலிருந்து வந்த சகா ஒருவர் ஆன்ட்ரே மட்டும் ஆர்டர் செய்துவிட்டு, இரண்டு இறால் வந்ததும் சர்வரைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

நம் ஆட்கள் இங்கே மாட்டிக்கொள்வது இன்னொன்றில். அழைப்பில் 'பிரிங் எ பிளேட்' என்று இருக்கும். தட்டு பற்றாக்குறை போல என்று வெறும் தட்டை எடுத்துக்கொண்டு போன குடியேறிகளின் கதை ஆஸ்திரேலியாவில் எந்த நாட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்வார்கள், இத்தாலிக்காரர், கிரேக்கர், வியட்நாமியர், நாம் என்று எல்லோருக்கும் சொந்தமான கதை. தட்டு நிறைய எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது செய்துகொண்டு வா என்று அர்த்தம். நியூசிலாந்தில் பழைய நோட்டீஸ்களில் 'லேடிஸ், எ பிளேட்' என்று மொட்டையாக இருக்குமாம், அதாவது ஆம்பளைகள் கையை வீசிக்கொண்டு வரலாம்!

ஆபீஸில் பத்தரைக்கு 'மார்னிங் டீ'. யாருக்காவது பிறந்த நாள், யாராவது வேலையை விட்டுப் போகிறார்கள் என்றால் கேக், சாஸேஜ் ரோல், லாமிங்டன் எல்லாம் வரும், டீ குடிக்கிறவர் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். கட்டட வேலைத் தளத்தில் அதே இடைவேளைக்கு 'ஸ்மோகோ'. பீடி சிகரெட்டை விட்டவனுக்கும் ஸ்மோகோதான். ராத்திரிச் சாப்பாட்டை 'டீ' என்பவர்கள் இங்கேயும் நிறைய, முக்கியமாக நகரத்துக்கு வெளியே.

வெண்டிக்காய்_குழம்பு:
ஸ்கார்பரோ, டொராண்டோ. எங்கட பக்கத்திலை வேறை கூத்து. என்னோடை வேலை செய்யிற ஜமெய்க்கா அம்மா காலமை எது சுடச்சுடக் குடிச்சாலும் 'டீ' எண்டுதான் சொல்லுவா. கொக்கோ டீ, இஞ்சி டீ. ஒருநாள் 'ஃபிஷ் டீ கொண்டு வந்தனான், குடிக்கிறியோ' எண்டா. போத்தலைத் திறந்தால் மீன், மிளகாய், பச்சை வாழைக்காய், தைம் எல்லாம் போட்ட தண்ணிச் சூப். எங்கட மீன் கூழுக்கு ஒண்டுவிட்ட சகோதரம் எண்டு சொல்லலாம், உறைப்பு இன்னும் கொஞ்சம் வேணும். ஞாயிற்றுக்கிழமை அவையளுக்கு 'ரைஸ் அண்ட் பீஸ்' இல்லாட்டிச் சாப்பாடே இல்லை, அதிலை பீஸ் எண்டுறது சிவப்புப் போஞ்சி விதை, தேங்காய்ப் பாலிலை அவிக்கிறது.

தேங்க்ஸ்கிவிங் எங்களுக்கு ஒக்டோபர் ரெண்டாம் திங்கள், நவம்பர் எண்டு நினைச்சு ஒருத்தரும் ரிக்கெற் போடாதேங்கோ.

சும்மா_சுற்றுபவன்:
கிரிக்கெட்டை யாரும் பேசவில்லையா? டெஸ்ட் மேட்ச் பார்க்கிறவனுக்கு லஞ்ச் நாற்பது நிமிஷம், டீ இருபது நிமிஷம், அந்த வரிசை மாறவே கூடாது. 2025 நவம்பரில் கவுகாத்தியில் தென்னாப்பிரிக்காவோடு ஆடினோமே, அங்கே சீக்கிரம் இருட்டிவிடும் என்று ஒன்பது மணிக்கே ஆரம்பித்து, டீயை முதலில் விட்டு லஞ்சைப் பின்னால் விட்டார்கள். என் அப்பா அன்று முழுக்க அந்தக் கவலையிலேயே இருந்தார், தோற்றதைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

பிராட்டா_கோசோங்:
சிங்கப்பூரில் சப்பர் என்றால் டின்னர் எல்லாம் முடிந்து ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கூட்டமாகக் கிளம்பிப் போய்ச் சாப்பிடுவது. பிராட்டா, மீ கோரெங், தே தாரிக். மலேசியாவில் மாமாக் கடைகள் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைகள்) அதனால்தான் விடிய விடியத் திறந்திருக்கின்றன. லண்டனிலிருந்து வந்த மேனேஜர் 'சப்பர் போகலாமா' என்று ஏழு மணிக்குக் கேட்டபோது எங்கள் டீமில் ஒருவருக்கும் புரியவில்லை. அவர் சர்ரே ரகம் போல, தேம்ஸ் அண்ணன் ஊர்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பசியோடு போகிறோம், அது முடிவாகிவிட்டது. இப்போது அடுத்த கவலை, நாங்கள் சைவம் என்று பாட்டியிடம் எப்படிச் சொல்வது? முட்டை பரவாயில்லை, பிள்ளைகள் சாப்பிடும். கூப்பிட்டவரிடம் இது வேண்டாம் அது வேண்டாம் என்று பட்டியல் போட்டால் தப்பாக நினைக்க மாட்டாரா?

நைட்_டூட்டி:
தப்பாக நினைக்க மாட்டார், சொல்லாமல் போனால்தான் சங்கடம். இந்த ஊரில் கூப்பிட்டதும் சொல்லிவிடுவதுதான் மரியாதை. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், வயசானவர்கள் 'மீன் சாப்பிடுவீங்கதானே' என்பார்கள். இறைச்சி, கோழி, மீன் மூன்றும் இல்லை, முட்டை, பால், சீஸ் உண்டு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அவருக்கும் சுலபம், சீஸ் அண்ட் ஆனியன் பை (மாவுக்குள் வைத்து ஓவனில் சுடுவது) செய்துவிடுவார், வடக்கே அது கைவந்த கலை.

கவனிக்க வேண்டியவை: கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு. யார்க்‌ஷர் புட்டிங் பார்க்க வெறும் மாவும் முட்டையும் பாலும்தான், ஆனால் பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பைக் காய்ச்சி அதில் ஊற்றிச் சுடுவார்கள். கடையில் சிப்ஸ் வாங்கித் தருகிறேன் என்று சொன்னாலும் கேளுங்கள், யார்க்‌ஷர் சிப்ஸ் கடைகளில் நிறையப் பேர் இன்றைக்கும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், அதில் அவர்களுக்குப் பெருமை வேறு. குழந்தைகளுக்கு வைக்கும் ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கும். சீஸ் டோஸ்டில் வூஸ்டர் சாஸ் தெளித்தால் அதில் நெத்திலி.

தேம்ஸ்_தென்கரை:
'புட்டிங்' வேண்டுமா என்று கேட்டால் இனிப்பு வேண்டுமா என்று கேட்கிறார்கள், சரி என்று சொல்லலாம். 'பிளாக் புட்டிங்' என்றால் மட்டும் வேண்டாம், அது ரத்தம்.

லீத்_துறைமுகம்:
கையில் என்ன கொண்டு போவது என்றும் கேட்பீர்கள். பூவோ ஒரு சாக்லேட் பெட்டியோ போதும். நம்ம ஊர் மாதிரி நாலு டப்பா சமைத்து எடுத்துக்கொண்டு போனால், என் சமையல் போதாது என்று நினைத்தார்களோ என்று அவருக்குத் தோன்றும். நம் சாப்பாட்டைக் கொடுக்க ஆசை இருந்தால் அடுத்த வாரம் நீங்கள் கூப்பிடுங்கள். நேரம் முக்கியம்: அஞ்சரை என்றால் அஞ்சரை. வடக்கே டீக்குப் பத்து நிமிஷம் லேட் என்றாலும் ஓவனில் இருக்கிற அந்தப் பையின் மேல்மாவு கருகிவிடும்.

மெல்பன்_மழை:
இங்கே இதற்கு நேர் எதிர், வெறும் கையோடு போனால்தான் தப்பு. பார்பிக்யூ என்றால் நாம் சாப்பிடப்போகிற கறியையே நாம்தான் கொண்டு போக வேண்டும் சில வீடுகளில். தென்னாப்பிரிக்காவிலும் 'பிரிங் அண்ட் பிராய்' என்று ஒன்று உண்டு, வீட்டுக்காரர் நெருப்பு மட்டும் தருவார்.

குட்டி_கங்காரு:
இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும், மெல்பன் அக்காவிடம் ஒரு கேள்வி. பெர்த்தில் இருக்கிறோம், பையன் பள்ளியில் 'பிரிங் எ பிளேட்' வந்திருக்கிறது, வகுப்பில் மொத்தம் இருபத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தெட்டுப் பேருக்கும் இட்லி அவிக்கணுமா?

மெல்பன்_மழை:
வேண்டவே வேண்டாம். எல்லா வீட்டிலிருந்தும் ஒவ்வொரு தட்டு வரும், எட்டுப் பத்துப் பேர் ஆளுக்கு ஒன்று எடுக்கிற அளவு போதும். கையால் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி இருக்கட்டும், சட்னி சாம்பார் கட்டாதே, மினி இட்லிக்குப் பொடி தடவினாலும் காரம் என்று பிள்ளைகள் தொடாது. வெங்காயப் பக்கோடா நன்றாகப் போகும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கலாம், அதனால் வேர்க்கடலை, முந்திரி எதிலும் படக்கூடாது, என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதித் தட்டின் மேல் ஒட்டு. தட்டின் அடியில் உன் பேரை எழுது, இல்லையென்றால் தட்டு திரும்பி வராது.

குட்டி_கங்காரு:
கடலை எண்ணெயில் பொரித்தால்?

மெல்பன்_மழை:
அதுவும் வேண்டாம், சூரியகாந்தி எண்ணெயில் பொரி. எண்ணெய் பேரையும் சீட்டில் எழுதிவிடு.